கடன் வாங்கிய காற்று

மே மாதத்து மத்தியானம். சென்னையில் விமானம் ஏறி, பெட்டியை மேலே திணித்து, பெல்ட்டையும் மாட்டியாகிவிட்டது. கதவைச் சாத்துகிறார்கள். அதுவரை தலைக்கு மேலிருந்து சுகமாக இறங்கிக்கொண்டிருந்த குளிர்காற்று, விமானம் பின்னோக்கி நகரும் நேரம் பார்த்துப் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. உஸ்ஸென்ற இரைச்சல் அடங்கியதும் பின்வரிசைக் குழந்தையின் அழுகை துல்லியமாகக் கேட்கிறது. இரண்டு நிமிடம் புழுக்கம். எங்கோ அடியில் ஒரு முனகல். விளக்குகள் கண்சிமிட்டுகின்றன. சில விமானங்களில் காலுக்கடியில் நாய் குரைப்பது போல ஒரு சத்தம் வேறு. பிறகு காற்று திரும்பி வருகிறது. நாமும் மறந்துவிடுகிறோம்.

பக்கத்து இருக்கைக்காரர், "எரிபொருளை மிச்சம் பிடிக்கிறாங்க சார்" என்று விளக்கம் சொல்லக்கூடும். இல்லை. அந்தக் காற்றை யாரும் மிச்சம் பிடிக்கவில்லை, கடன் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவர் இறக்கைக்குக் கீழே தொங்கும் என்ஜின்.

கடன் எதற்கு என்பது இயற்பியல். அதில் போயிங், ஏர்பஸ் என்ற பேதம் கிடையாது. ஆனால் கடனை யார் கேட்டு வாங்குவது, கணக்கை யார் பார்ப்பது, எப்போது திருப்பித் தருவது என்பதில் இரண்டு கம்பெனிகளும் வேறு வேறு வழியில் போகின்றன. சிறு நகரங்களுக்குப் பறக்கும் ஏடிஆர் போன்றவற்றை விட்டுவிட்டால், இந்தியாவுக்குள் நாம் ஏறும் விமானம் பெரும்பாலும் போயிங் 737 அல்லது ஏர்பஸ் ஏ320 குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். ஒரே ஒரு என்ஜினைக் கிளப்புவதை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த இரண்டின் விமானி அறைகளிலும் உட்கார்ந்து பார்ப்போம்.

தீக்குச்சி, சுள்ளி, விறகு

ஜெட் என்ஜினின் வேலை மூன்று சொல்லில் அடங்கும்: அமுக்கு, கொளுத்து, தள்ளு. முன்பக்கம் உள்ளே வரும் காற்றை அடுக்கடுக்கான விசிறித் தகடுகள் அமுக்குகின்றன. அமுங்கிய காற்றில் எரிபொருள் எரிகிறது. சூடான வாயு பின்பக்கம் பீறிட்டு ஓடும்போது அங்குள்ள சுழலியைச் சுற்றிவிடுகிறது. அந்தச் சுழலிதான், ஒரே அச்சில் முன்னால் இருக்கும் அமுக்கும் தகடுகளைச் சுற்றுகிறது.

சிக்கல் புரிகிறதா? காற்றை அமுக்க வேண்டுமானால் சுழலி சுற்ற வேண்டும். சுழலி சுற்ற நெருப்பு வேண்டும். நெருப்பு ஒழுங்காக எரிய அமுங்கிய காற்று வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும், நின்றுவிட்ட என்ஜினுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. யாராவது முதலில் சுற்றிவிட வேண்டும்.

அடுப்புப் பற்றவைப்பது போலத்தான். பெரிய விறகில் யாரும் நேராகத் தீக்குச்சியை வைப்பதில்லை, நடுவில் சுள்ளி வேண்டும். விமானத்தில் தீக்குச்சி, பேட்டரி. சுள்ளி, வாலின் நுனியில் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ஜெட் என்ஜின். அடுத்தமுறை விமானத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்போது வால் முனையில் ஒரு ஓட்டை தெரியும், அது இதன் புகைபோக்கி. விமானத்துறையில் இதை ஏ.பி.யு. என்பார்கள். நாம் துணை என்ஜின் என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரி துணை என்ஜினைக் கிளப்புகிறது. துணை என்ஜின் தரையில் நிற்கும் விமானத்துக்கு இரண்டு பொருள்களைத் தருகிறது: மின்சாரம், அமுங்கிய காற்று.

அந்த அமுங்கிய காற்றில்தான் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அதே காற்றைத் திருப்பிவிட்டுத்தான் பெரிய என்ஜினையும் சுற்ற வேண்டும். 737-க்குக் குழாயில் குறைந்தது 30 பி.எஸ்.ஐ. அழுத்தம் தேவை. ஏறக்குறைய கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம்தான், ஆனால் டயரில் அடைபட்டுக் கிடப்பதற்குப் பதிலாக ஆறு மாதிரி ஓடிவர வேண்டும். அது ஸ்டார்ட்டர் என்ற சிறிய காற்றுச் சக்கரத்தில் மோதி, பல்சக்கரங்கள் வழியாக என்ஜினின் மைய அச்சைத் திருப்புகிறது. துணை என்ஜினின் காற்று ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்குப் போதாது. ஆகவே ஏ.சி.க்குப் போகும் குழாயை அடைத்துவிடுகிறார்கள். நம் புழுக்கத்துக்குக் காரணம் இதுதான்.

பெட்ரோமாக்ஸ் பாடம்

சுற்றிவிட்டால் மட்டும் போதுமா? எரிபொருளை எப்போது திறந்துவிடுவது என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது.

கோயில் திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸ் ஏற்றியவர்களுக்கு இது தெரியும். குழாய் சூடேறும் முன்பே அவசரப்பட்டு மண்ணெண்ணெயைத் திறந்துவிட்டால், மாண்டில் ஒளிராது. திரவமாகப் பீய்ச்சி, மஞ்சளாகக் கொழுந்துவிட்டு, கண்ணாடி முழுக்கக் கரி பிடிக்கும். பயணி விமானங்களுக்கான எரிபொருளும் அடிப்படையில் நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். பாடமும் அதேதான்.

என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது உள்ளே வரும் காற்று குறைவு. அப்போது எரிபொருள் அதிகம் விழுந்தால் தீயைக் குளிர்வித்துப் பின்னே தள்ளப் போதிய காற்று இல்லாமல், வெப்பநிலை சட்டென்று ஏறும். பல லட்சம் டாலர் பெறும் சுழலித் தகடுகள் பாழாகும். விமானிகள் இதைச் சூட்டுத் தொடக்கம் என்ற பொருளில் ‘ஹாட் ஸ்டார்ட்’ என்பார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: எரிபொருள் விழுந்தும் பற்றிக்கொள்ளாமல் உள்ளே தேங்கலாம். அல்லது பற்றிக்கொண்டும் வேகம் ஏறாமல் நடுவிலேயே திணறலாம்.

ஆகவே என்ஜின் கிளம்பும்போது பார்க்கவேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று, மைய அச்சின் வேகம். விமானிகள் ‘என்-டூ’ என்பார்கள், சதவீதத்தில் காட்டும். 737-800இன் என்ஜினில் 100 சதவீதம் என்பது நிமிடத்துக்கு 14,460 சுற்று. இரண்டாவது, பின்பக்கம் வெளியேறும் வாயுவின் வெப்பநிலை. அதே என்ஜினுக்குத் தொடங்கும்போது உச்சவரம்பு 725 டிகிரி செல்சியஸ். வேகம் முந்த வேண்டும், சூடு பிந்த வேண்டும். இந்தப் பந்தயத்துக்கு நடுவர் யார் என்ற இடத்தில்தான் இரண்டு விமானங்களும் பிரிகின்றன.

737: கையில் பிடித்த கணக்கு

முதலில் 737-800. தலைக்கு மேலே பெரிய சுவிட்ச் பலகை. துணை விமானி அதில் ஏ.சி.க்கான இரண்டு சுவிட்சுகளையும் தானே அணைக்கிறார். நம் காற்று அந்த விநாடியில் நிற்கிறது. குழாயில் அழுத்தம் போதுமா என்று முள்ளைப் பார்க்கிறார்.

கேப்டன் ‘ஸ்டார்ட் டூ’ என்கிறார். வழக்கமாக வலது என்ஜினிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். துணை விமானி அதற்குரிய குமிழைத் தரைத் தொடக்க நிலைக்குத் திருப்புகிறார். உள்ளிருக்கும் காந்தம் ஒன்று குமிழை அங்கேயே பிடித்துவைக்கிறது. காற்று பாய்கிறது. என்-டூ ஏறுகிறது: 5, 10, 15...

இப்போது கேப்டன் இன்னொன்றையும் கவனிக்கிறார். என்ஜினின் முகப்பில் நமக்குத் தெரியும் பெரிய விசிறி மைய அச்சோடு பற்களால் இணைந்ததல்ல. உள்ளே ஓடும் காற்றால் மட்டுமே அது சுற்ற ஆரம்பிக்கும். அதன் எண்ணும் அசைந்தால்தான் காற்று முழுப் பாதையிலும் ஓடுகிறது என்று அர்த்தம். விசிறி அசைந்தது, என்-டூ 25ஐத் தொட்டது, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுற்று. கேப்டன், உந்துவிசைப் பிடிகளுக்குக் கீழே இருக்கும் தொடக்க நெம்புகோலைத் தூக்கி மேல்நிலைக்குக் கொண்டுபோகிறார். எரிபொருளும் தீப்பொறியும் அந்தக் கையசைவில் வருகின்றன. 2025 ஜூனில் நடந்த அகமதாபாத் விபத்துக்குப் பிறகு நம் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபட்டதே, போயிங் 787இன் எரிபொருள் சுவிட்ச், அதற்கு அண்ணன் முறை வேண்டும் இந்த நெம்புகோல்.

நெம்புகோலை உயர்த்தியதும் கேப்டன் மனதுக்குள் விநாடி எண்ணத் தொடங்குகிறார். பத்து, பதினைந்து விநாடிக்குள் வெப்பநிலை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் நெம்புகோல் கீழே. வரம்பை நோக்கி விறுவிறுவென்று ஏறினாலும் நெம்புகோல் கீழே. என்-டூ நடுவில் சோர்ந்தாலும் கீழே. 737-800இலும் என்ஜின் கணினி இருக்கிறது. அது பின்னால் நின்று கவனிக்கும், சில தப்புகளில் குறுக்கிடவும் செய்யும். ஆனால் முதல் நடுவர் மனிதர்தான்.

எல்லாம் சரியாக நடந்தால் 56 சதவீதத்தில் காந்தம் விட்டுவிட, குமிழ் ‘டக்’கென்று தானே பழைய இடத்துக்குத் துள்ளும். துணை விமானி ‘ஸ்டார்ட்டர் கட்-அவுட்’ என்று குரல் கொடுக்கிறார். இனி வெளிக்காற்றின் உதவி வேண்டாம், என்ஜின் தன் காலில் நிற்கிறது.

கிணற்று மேட்டில் கைப்பிடி போட்டுச் சுற்றும் பழைய டீசல் என்ஜினைக் கிளப்பியவருக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. தலையிலிருக்கும் சின்ன லீவரைத் தூக்கிவிட்டு, கைப்பிடியை மூச்சுப்பிடித்துச் சுற்றி, வேகம் வந்த சமயம் பார்த்து லீவரை விட வேண்டும். முன்னே விட்டால் திணறும், பின்னே விட்டால் கை ஓய்ந்துவிடும். அந்தச் சமயம் எது என்பது காதுக்கும் தோளுக்கும் தெரியும். 737இல் அது கண்ணுக்குத் தெரிகிறது.

ஏ320: ஒரு குமிழ், ஒரு சுவிட்ச்

இப்போது ஏ320. அதன் பழைய தலைமுறையில் பலவற்றில் இருப்பதும் 737-800இல் உள்ள அதே குடும்பத்து சிஎஃப்எம்56 என்ஜின்தான். இங்கே கேப்டனின் கைக்கு நேரே, நடுத் திட்டில், ஒரு குமிழும் இரண்டு சுவிட்சுகளும் இருக்கின்றன. குமிழைத் தொடக்க நிலைக்குத் திருப்புகிறார். என்ஜின் பக்கம் திரையில் தானே வந்து விரிகிறது. இரண்டாம் என்ஜினின் சுவிட்சைத் தூக்கி ‘ஆன்’ செய்கிறார்.

அவ்வளவுதான். மற்றதெல்லாம் என்ஜினின் மேலேயே பொருத்தியிருக்கும் கணினியின் பாடு. ஏ.சி. வால்வுகளை யாரும் அணைக்கத் தேவையில்லை, அவை தாமாக மூடிக்கொள்கின்றன. காற்று வால்வு திறக்கிறது. என்-டூ 16 சதவீதத்தில் தீப்பொறி, 22இல் எரிபொருள். ஒவ்வொரு என்ஜினிலும் தீப்பொறி தரும் கருவிகள் இரண்டு. போனமுறை ஒன்றைப் பயன்படுத்தியிருந்தால் இந்தமுறை மற்றதை எடுத்துக்கொள்கிறது, இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்பது இதிலேயே தெரிந்துவிடும். 50 சதவீதத்தில் காற்று வால்வு மூடுகிறது.

சூடு எல்லை மீறப்போகிறதா, பற்றவில்லையா, திணறுகிறதா? கணினியே எரிபொருளை நிறுத்துகிறது. வெறும் காற்றால் கொஞ்ச நேரம் சுற்றி, உள்ளே தேங்கிய சூட்டையும் எரிபொருளையும் வெளியே தள்ளுகிறது. என்ன நடந்தது என்று திரையில் எழுதுகிறது.

விமானிகள் சும்மா இருக்கிறார்களா? இல்லை. அதே இரண்டு எண்களைத்தான் அவர்களும் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் சுவிட்சை அணைக்கும் உரிமை அவர்களிடமே இருக்கிறது. ஆனால் 25 சதவீதத்துக்காகக் காத்திருந்த கை இங்கே இல்லை. இங்கே நடுவர் கணினி, மனிதர் நடுவருக்கும் மேலான மேற்பார்வையாளர். பம்புசெட்டில் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்த விவசாயி மாதிரி. கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும், அவர் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

கண்சிமிட்டலும் குரைப்பும்

இந்த வேறுபாடு விமானி அறைக் கதவோடு நின்றுவிடுவதில்லை. கவனித்தால் நம் இருக்கைக்கே வந்து சேரும்.

விளக்கு கண்சிமிட்டுவது மின்சாரம் கைமாறுவதால். அதுவரை துணை என்ஜின் தந்த மின்சாரத்தை இனி பெரிய என்ஜின்களின் மின்னாக்கிகள் தர வேண்டும். இந்த இரண்டு விமானங்களிலும் ஒரே கம்பியில் இரண்டு மின்னாக்கிகளைச் சேர்த்து ஓட்டுவதில்லை. ஒன்றை விலக்கித்தான் மற்றதை இணைக்கிறார்கள். நடுவே கண்ணிமைப்பொழுது இடைவெளி.

737இல் இரண்டு என்ஜினும் கிளம்பிய பிறகு, துணை விமானி மேற்பலகையில் இரண்டு சுவிட்சுகளை அடுத்தடுத்துத் தட்டுகிறார். கண்சிமிட்டலும் சேர்ந்தாற்போல வருகிறது. பிறகு அவரே ஏ.சி. சுவிட்சுகளைத் திரும்பவும் போடுகிறார். ஏ320இல் ஒவ்வொரு என்ஜினும் தயாரானதும் அதன் மின்னாக்கி கேட்காமலே பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு சிமிட்டல், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. முதல் என்ஜின் கிளம்பியதும் ஏ.சி. உடனே திறந்துகொள்ளாமல் 30 விநாடி பொறுத்திருக்கும்படியும் அமைத்திருக்கிறார்கள். அடுத்த என்ஜினை உடனே கிளப்பினால் திறந்து மூடி, திறந்து மூடி அலைய வேண்டாம் என்பதற்காக.

நாய்க்குரைப்பு? அது ஏ320 குடும்பத்தின் கையெழுத்து. சக்கரத்தையும் இறக்கை மடிப்புகளையும் அசைக்க, 3,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் மூன்று தனித்தனிக் குழாய் வலைகள் அதில் இருக்கின்றன. பச்சை, மஞ்சள், நீலம் என்று பெயர். பச்சையை முதல் என்ஜினும் மஞ்சளை இரண்டாவதும் ஓட்டுகின்றன. ஒன்றில் அழுத்தம் குறைந்தால் மற்றது கைகொடுக்க நடுவே ஒரு கருவி உண்டு. எண்ணெயைக் கலக்காமல் விசையை மட்டும் கடத்தும் அது, கொஞ்சம் ஓடி, அழுத்தம் சரியானதும் நின்று, குறைந்ததும் மறுபடி ஓடும். ஓடி நின்று ஓடுவதுதான் ‘வவ்... வவ்...’ என்று தரை வழியே கேட்கிறது. இரண்டாவது என்ஜின் கிளம்பும் சமயத்தில் இது தன்னைத்தானே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். யாரும் சுவிட்ச் போடுவதில்லை. பழுதும் இல்லை.

பரம்பரையும் கொள்கையும்

போயிங் ஏன் இன்னும் கையால் கிளப்புகிறது? மனிதனை நம்புகிறது, ஏர்பஸ் கணினியை நம்புகிறது என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். பாதிதான் உண்மை.

737 முதன்முதலில் பறந்தது 1967 ஏப்ரல் 9ஆம் தேதி. என்ஜினுக்குள் டிஜிட்டல் கணினி என்ற யோசனையே பயணி விமானங்களில் இல்லாத காலம். அதற்குப் பிறகு இறக்கை மாறியது, என்ஜின் மாறியது, திரைகள் வந்தன. ஆனால் பழைய 737 ஓட்டியவர் சிறிது பயிற்சியோடு புதியதிலும் உட்கார வேண்டும் என்பது விமான நிறுவனங்களின் வேண்டுகோள். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் போன்ற நிறுவனம் 737ஐ மட்டுமே நம்பி வளர்ந்தது. தாத்தா கட்டிய வீட்டில் மாடி எழுப்பலாம், குளியலறை மாற்றலாம், மாடிப்படியை இடம் மாற்றினால் வீட்டில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள்.

ஏ320 பறந்தது ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, 1987 பிப்ரவரி 22. காலி மனையில் கட்டிய வீடு. விமானியின் கையசைவை மின்சமிக்ஞையாக்கிக் கணினி வழியே இறக்கைக்கு அனுப்பும் முறையைப் பயணி விமானத்தில் முழுமையாகக் கொண்டுவந்தது அதுதான். பொறியாளரும் சோதனை விமானியுமான பெர்னார்ட் சீக்ளர் அதற்காக விடாமல் வாதாடியவர்.

போயிங்கும் காலி மனையில் கட்டியபோது என்ன செய்தது? 1990களில் வந்த 777ஐப் பாருங்கள். என்ஜின் தானாகவே கிளம்புகிறது, ஏ320 மாதிரியே. கணினி வழிக் கட்டுப்பாடும் இருக்கிறது. ஆக, கையால் கிளப்புவது போயிங்கின் கொள்கை அல்ல, 737இன் பரம்பரை. ஆனால் அதே 777இல் போயிங் விட்டுக்கொடுக்காத சிலவும் உண்டு. இரு விமானிகளுக்கும் முன்னால் ஒன்றோடொன்று இணைந்து அசையும் பெரிய கட்டுப்பாட்டுப் பிடி, தானியங்கி இயக்கத்திலும் தானாக நகர்ந்து காட்டும் உந்துவிசைப் பிடி. ஏர்பஸ்ஸிலோ ஓரத்தில் ஒரு சின்னக் குச்சி, ஒருவர் அசைத்தால் மற்றவருடையது அசையாது. உந்துவிசைப் பிடியும் ஒரே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். கணினி விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் எண் மட்டும் திரையில் மாறும். இதுதான் கொள்கை வேறுபாடு: விமானம் செய்வதைக் கைக்கும் தெரிவிப்பதா, கண்ணுக்கு மட்டும் தெரிவித்தால் போதுமா?

இரண்டுக்குமே விலை கொடுத்த கதைகள் உண்டு.

பச்சை விளக்கு, அசையாத பிடி

2005 ஆகஸ்ட் 14. சைப்ரஸ் தீவின் லார்னகாவிலிருந்து ஹெலியோஸ் நிறுவனத்தின் 737-300 கிளம்பியது. முந்தைய இரவு தரையில் நடந்த சோதனைக்காக, உள்ளறைக் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றியிருந்தார்கள். திருப்பி வைக்கவில்லை. கிளம்பும் முன்னும் கிளம்பிய பின்னும் சரிபார்ப்புப் பட்டியல்களில் அது விமானிகள் கண்ணில் படவில்லை. ‘மேனுவல்’ என்று ஒரு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, பச்சை நிறத்தில். மேலே ஏற ஏற உள்ளே காற்று மெலிந்தது. எச்சரிக்கை ஒலி அடித்தது. தரையில், புறப்படும் அமைப்பு தப்பாக இருந்தால் அடிக்கும் ஒலியும் அதுவே என்பதால் விமானிகள் குழம்பினார்கள். மயங்கினார்கள். விமானம் எரிபொருள் தீரும்வரை தானே பறந்து, கிரேக்க மலையில் விழுந்தது. 121 பேர் இறந்தார்கள்.

ஏர்பஸ் விமானி அறையின் வடிவமைப்பு விதி, எல்லாம் சரியென்றால் மேற்பலகை இருட்டாக இருக்கும் என்பது. ஒவ்வொரு பொத்தானும் அணைந்து கிடந்தால் வழக்கமான நிலை, ஒன்று எரிந்தால் ஏதோ இயல்பு மாறியிருக்கிறது. அழுத்தக் கட்டுப்பாட்டைக் கைமுறைக்கு மாற்றினால் இருண்ட பலகையில் ஒரு வெள்ளை எழுத்து தனியே நிற்கும். நிலா இல்லாத வானத்தில் ஒற்றை விளக்கு கண்ணில் படுகிற மாதிரி. 737இன் பலகையை விமானி சுவிட்ச் சுவிட்சாகப் படிக்க வேண்டும். ஏ320இன் பலகையில் எது எரிகிறது என்று பார்த்தால் போதும்.

ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது, அது நம் பக்கத்து ஊரில் நடந்தது. 1990 பிப்ரவரி 14, பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் புத்தம் புதிய ஏ320. தரையிறங்க வரும்போது, என்ஜின்களைக் குறைந்தபட்ச விசையில் வைத்தே கீழே இறக்கும் தானியங்கி நிலையில் விமானம் இருந்தது. வேகம் குறைந்துகொண்டே போனது. ஓடுபாதைக்கு முன்னால் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். விமானிகள் வேகத்தைக் கவனித்திருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் உந்துவிசைப் பிடிகள் பின்னோக்கி நகர்ந்து கையைத் தட்டியிருந்தால் என்ற கேள்வி, ஏர்பஸ்ஸின் அசையாத பிடியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழுகிறது.

ஒன்றில் மனிதன் பார்க்க வேண்டியவை அதிகம், அதனால் தவறவிட்டான். மற்றதில் கணினி அமைதியாகச் செய்தது, அதனால் தவறவிட்டான். இன்று இரு வகை விமானங்களும் மிகப் பாதுகாப்பாகவே பறக்கின்றன. ஆனால் எந்தப் பக்கம் பிசகலாம் என்பது இரண்டிலும் வேறு.

வளைந்த அச்சு சொன்ன நீதி

கடைசியாக ஒரு வேடிக்கை. இரண்டு கம்பெனிகளும் புது என்ஜின்களோடு வந்தன: ஏ320 நியோ, 737 மேக்ஸ். முதல் நியோ 2016 ஜனவரியில் ஜெர்மனியின் லுஃப்தான்ஸாவுக்குப் போனது. அப்போது ஒரு தொல்லை தலைகாட்டியது. என்ஜினைக் கிளப்ப வழக்கத்தைவிட வெகுநேரம் பிடித்தது.

காரணம் எளிது. பறந்து வந்து நிறுத்திய என்ஜின் உள்ளே கொதித்துக் கிடக்கிறது. சூடான காற்று மேலே ஏறும், சமையலறையில் பரண் பக்கம்தானே வெக்கை அதிகம். சுழலாமல் நிற்கும் அச்சின் மேல்பாதி சூடாகவே இருக்க, கீழ்ப்பாதி முதலில் ஆறுகிறது. சூடான பக்கம் நீண்டு, ஆறிய பக்கம் சுருங்கி, அச்சு மயிரிழை அளவு வில்லாக வளைகிறது. அப்படியே வேகமாகச் சுற்றினால் தகட்டு நுனிகள் சுவரில் உரசும். புது என்ஜின்களில் எரிபொருளைச் சிக்கனப்படுத்த அந்த இடைவெளியை மிகவும் நெருக்கியிருந்தார்கள். ஆகவே எரிபொருள் விடும் முன், வெறும் காற்றால் மெதுவாகச் சுற்றி, அச்சைச் சமமாக ஆறவிட்டு நேராக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது எப்போது நிறுத்தினோம் என்பதைப் பொறுத்தது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத வளைவு, மனக்கணக்குக்கு அடங்காத நேரம்.

ஏ320இல் இதற்கு விமானியின் கைவேலை ஏதும் கூடவில்லை. கணினி கூடுதல் நேரம் சுற்றியது, அவ்வளவுதான். 737 மேக்ஸில் என்ன செய்தார்கள்? நெம்புகோல் அப்படியே இருக்கிறது, கேப்டனின் கையும் அப்படியே. ஆனால் அவர் பார்க்கும் எண்ணின் அருகே, அச்சை ஆறவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கணினி ஒரு சொல் காட்டும். அந்தச் சொல் மறைந்த பிறகுதான் நெம்புகோலை உயர்த்த வேண்டும். கைப்பிடி போட்டுச் சுற்றுபவரின் காதருகே ஒருவர் உட்கார்ந்து ‘இன்னும் இல்லை... இன்னும் இல்லை... இப்போது விடு’ என்று சொல்கிற மாதிரி. தாத்தா வீட்டு மாடிப்படி இடம் மாறவில்லை, கைப்பிடிச் சுவரில் ஒரு விளக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள்.

கடன் அடைகிறது

மறுபடி நம் இருக்கைக்கு வருவோம். புழுக்கம். இப்போது உங்களுக்குத் தெரியும், வாலிலிருந்து வரவேண்டிய காற்று இறக்கைக்குப் போயிருக்கிறது. முனகல் மெல்ல உயர்ந்து ஒரே சுருதியில் நிற்கிறது, ஒரு என்ஜின் தன் காலில் நின்றுவிட்டது. விளக்கு இரண்டு முறை தனித்தனியாகச் சிமிட்டி, காலடியில் குரைப்பும் கேட்டால் ஏ320 என்று துணிந்து சொல்லலாம். குரைப்பு இல்லை, சிமிட்டல் சேர்ந்தாற்போல வந்தது என்றால், முன்னால் ஒருவர் இப்போதுதான் மேற்பலகையிலிருந்து கையை இறக்கியிருக்கிறார்.

அப்புறம் உஸ்ஸென்று குளிர்காற்று முகத்தில் படுகிறது. அது பழைய காற்று அல்ல. வாலிலிருக்கும் குட்டி என்ஜினின் வேலை முடிந்தது. இனி அமுங்கிய காற்றைத் தருவது, இரண்டு நிமிடம் முன்பு உங்களிடம் கடன் கேட்ட அதே பெரிய என்ஜின்கள்தான். தில்லியோ கொழும்போ, இறங்கும்வரை அவை அந்தக் கடனை அடைத்துக்கொண்டே வரும்.